அச்சுக்கோரைப் புணரியல்

அச்சும் கோரையும் சேர்ந்தால் அச்சுக்கோரை. இலக்கணத்தில் இது ஒரு சொல். கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சதுப்புகளில் அன்றாடத் தொல்லை. அங்குள்ள நியூ ஹாம்பர்க் ஊரில் 1967 முதல் உருவாகிவரும் ஆர்கோ வரிசையின் எட்டுச் சக்கர வண்டிகள் சேற்றில் உருளும், நீரில் மிதக்கும். தொட்டி போன்ற உடலைத் துளைத்துக்கொண்டு எட்டு அச்சுகள் வெளியே நீண்டிருக்கும். உடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே கை நுழையாத சந்து ஒன்று உண்டு. புணர்ச்சி நிகழும் இடம் அதுவே. இதில் அச்சு நிலைமொழி, கோரை வருமொழி. நிலைமொழி சுழல்வதும் வருமொழி வேரூன்றி நிற்பதும் இத்துறைக்கே உரிய முரண்.

புணர்ச்சி இருவகைப்படும். அல்லித்தண்டு அச்சில் பட்டதும் நைந்து அறும். இது இயல்புப் புணர்ச்சி. சம்பங்கோரை அறாது. அனிஷினாபே மக்கள் தங்கள் குடில்களுக்கு மழை தாங்கும் பாய் முடைந்தது இதன் இலையில்தான்; ஓர் அச்சுக்காக அது இளகிவிடாது. ஆகவே இது விகாரப் புணர்ச்சி. அதன் நிலைகள் மூன்று.

தோன்றல்: சந்தில் பச்சையாக ஒரு வளையம் தென்படும். ஓட்டுநர் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

திரிதல்: இலை கயிறாகும். வளையத்தின் மேல் வளையம் ஏறி இறுகும்.

கெடுதல்: இறுகிய சுருள் ஆயில் சீலை அழுத்தித் தேய்க்கும். சீல் கிழிந்தால் பேரிங்குக்குள் நீர் புகும், கிரீஸ் வெளியேறும், துரு குடியேறும்.

பிரித்தெழுதுவதில் இழுப்போர், அறுப்போர் என இரு கட்சியினர் உளர். முதற்கட்சியினர் டயரில் காலை ஊன்றி, நுனியைப் பற்றி இழுப்பர். உருளையில் சுற்றிய கயிற்றுக்கு ஆய்லர் கண்ட விதி இவர்களுக்கு எதிரானது. உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், மறுமுனையில் உள்ள பிடியைப் போல ஒரு சுற்றுக்கு 6.6 மடங்கும், இரு சுற்றுக்கு 43 மடங்கும், மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ 286 மடங்கும் இழுத்தால்தான் சுருள் நகரும். டயர் வழுக்கி, இழுத்தவர் சேற்றில் அமர்வதோடு அக்கட்சியின் வாதம் முடிவடையும்.

அறுப்போர் முறை பின்வருமாறு. வண்டியைக் கெட்டித் தரையில் ஏற்றி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். சந்து குறுகலானால் சக்கரத்தைக் கழற்றலாம். கொக்கிக் கத்தியைச் சுருளுக்கு அடியில் செருகி, முனை சீலைத் தொடாதபடி, அச்சின் நீளவாக்கில் தன் பக்கமாக இழுத்தால் எல்லாச் சுற்றுகளும் ஒரே வெட்டில் அறும். நடுவில் பிளந்த வைக்கோல் பிரிபோலச் சுருள் வாய் திறக்கும். மிச்சத்தைக் குறடால் பிடுங்கலாம். பின்னர்ப் புது கிரீஸ் ஏற்றிச் சீலைச் சரிபார்க்க வேண்டும். ஏழு அச்சுகள் மீதமிருப்பதை மறக்கலாகாது.

பிரித்த வருமொழியை அது பிறந்த சதுப்பின் கரையிலேயே விட்டுவிட வேண்டும். நாணலாயின், கணுவுள்ள துண்டு ஒன்றே வேறிடத்தில் முளைத்துவிடும். ஒன்டாரியோவில் படகைத் தரைவழி கொண்டுசெல்லுமுன் ஒட்டிய நீர்ச்செடிகளை அகற்றுவது 2022 முதல் சட்டமுமாகும்.