ஆளுக்கொரு சேனல்

பிஎம்பிஓ என்ற ஊதிப் பெருக்கிய வாட்ஸ் கணக்கின் காலத்தில் வளர்ந்தவனிடம் வாட்ஸ் பேச்சு எடுபடாது. கையகல ஸ்பீக்கரின் அட்டையில் ‘1000 வாட்ஸ்’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், “சேனலுக்கு 100 வாட்ஸ் சார்” என்றதும் கையேட்டைப் புரட்டினேன். ‘இரண்டு சேனல்கள் மட்டும் இயங்கும்போது’ என்று பொடியெழுத்தில் போட்டிருந்தது. ஐந்தும் சேர்ந்து முழங்கினால் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு குறையும்.

“அப்போ 200 வாட்ஸ் எடுத்துக்குங்க.”

வாட்ஸ் இரட்டித்தால் ஒலி கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். விலை மட்டும் உடனே இரு மடங்காகத் தோன்றிவிடுகிறது.

அடுத்து எண்ணிக்கை. 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். 5.1.2 என்றால் தலைக்கு மேலும் இரண்டு. 2012-ல் டால்பி அட்மாஸ் வந்ததிலிருந்து மழை மேலிருந்தே பெய்கிறது. எங்கள் ஹாலில் அது ஃபேனைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். வலது சர்ரவுண்டுக்கான இடத்தில் பூஜை அலமாரி. இடதுக்கான இடத்தில் சமையலறை வாசல்.

வீட்டிலோ ஆளுக்கொரு கட்சி. குண்டு வெடித்தால் சோபா அதிர வேண்டும் என்பான் மகன். அவன் ஓட்டு சப்வூஃபருக்கு. அம்மாவுக்கு வசனம் புரிந்தால் போதும். படத்தில் வசனம் பெரும்பாலும் வருவது நடு ஸ்பீக்கரில் என்பதால், அம்மாவின் ஓட்டு சென்டருக்கு. எனக்கு இளையராஜா. 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்துக்கு முன்பக்கம் இரண்டு நல்ல ஸ்பீக்கரே தாராளம். அதையும் சுற்றிலும் பிரித்துத் தரும் வசதி ரிசீவரில் உண்டு. போட்டால் பூஜை அலமாரியிலிருந்து வயலின் கேட்கும்.

கூட்டணி அமைந்தது: நடுத்தர விலையில் ஒரு 5.1 ரிசீவர், மிச்சப் பணம் முன்வரிசை ஸ்பீக்கர்களுக்கு.

ரிசீவரோடு வந்த மைக்கைச் சோபாவில் காது உயரத்தில் வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கூவவிட்டு அறையை அளக்கும். அதுவரை யாரும் பேசக் கூடாது. நாங்கள் பேசவில்லை, குக்கர் பேசியது. ‘சுற்றுப்புறச் சத்தம் அதிகம்’ என்று திரையில் புகார் வந்தது. பருப்பு வேகும் வரை தொழில்நுட்பம் காத்திருந்தது.

முதல் படம் ஓடிய மறுநாள், கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் மறித்தார். கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு போவது பேஸ் மட்டும்தானே!

“சார், வெடிச்சதெல்லாம் நல்லாக் கேட்டுச்சு. யார் செத்தாங்கன்னுதான் தெரியல.”