குழற்கோதை ஆராய்ச்சி

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். அந்த வழியில் அகலத் தொப்பியும் குதிமுள் பூட்ஸும் மாட்டிக்கொண்டு போட்டிக்குத் துப்பாக்கி சுடுகிற கௌபாய் ஒருவரையும் நான் கண்டதில்லை. என்னிடமும் துப்பாக்கி இல்லை. லைசென்ஸுக்கு மனுப் போட்டதும் இல்லை. ஆகவே துப்பாக்கிக் குழலுக்குத் தோலுறை மாட்டும் வழக்கம் குறித்து நடுநிலையோடு ஆராய என்னைவிடத் தகுதியானவன் கிடைப்பது அரிது. பொருளைத் தொட்டவன் பொருளில் பற்று வைப்பான். நான் தொடவே இல்லை.

முதலில் பொருள் இன்னதென்று வரையறுப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1987-இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்று ஒன்று தொடங்கினார்கள். அதில் சேருகிறவர் 19-ஆம் நூற்றாண்டுக் கௌபாய் உடை அணிய வேண்டும். வேறெவரும் வைத்துக்கொள்ளாத ஒரு புனைபெயரைப் பதிவுசெய்ய வேண்டும். நம்மூரில் மடத்தில் சேர்ந்தால் தீட்சா நாமம் கொடுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே தாமே சூட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைபிள், ஒரு ஷாட்கன் ஆகியவற்றால் இரும்புத் தகடுகளை வரிசையாகச் சுட்டு வீழ்த்த வேண்டும். வேகமாகச் சுட்டவர் ஜெயித்தவர்.

இவற்றுள் நம் ஆய்வுக்கு உரியது ஷாட்கன், அதிலும் இரட்டைக்குழல் துப்பாக்கி. அதன் குழலுக்கடியில் இடக்கை பிடிக்க ஒரு மரத்துண்டு இருக்கும். பழைய பாணித் துப்பாக்கியில் அது வெண்டைக்காய் மாதிரி மெலிந்தது. பிடித்தால் விரல்கள் மரத்தைத் தாண்டி இரும்பில் படும். இரும்போ சுடும். இதற்காக ஐந்தங்குலச் சதுரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறையத் தோல் வெட்டி, இரு குழலையும் சேர்த்துச் சுற்றி, ஓரத்தில் துளையிட்டு, பூட்ஸ் கயிறு கட்டுவதுபோல் வார் கோத்து இறுக்குகிறார்கள். ஆராய்ச்சிப் பொருள் இவ்வளவே. இதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

தோல் ஏன் எனின், எஃகு வெப்பத்தைக் கடத்துவதில் தோலைவிட ஏறக்குறைய 300 மடங்கு சுறுசுறுப்பானது. தோல் சோம்பேறி. கைக்கும் நெருப்புக்கும் நடுவே நிற்கச் சோம்பேறிகளே ஏற்றவர்கள். ஆனால் சோம்பலுக்கும் எல்லை உண்டு: மரப்பட்டையால் பதனிட்ட தோல், ஈரத்தோடு இருக்கையில் 80 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிச் சுருங்கிவிடும். மனிதத் தோலுக்கு 44 டிகிரியிலேயே எரிச்சல் கண்டுவிடுகிறது. செத்த மாட்டுக்கு இருக்கும் பொறுமை உயிருள்ள மனிதனுக்கு இல்லை என்பது இதனால் பெறப்படும்.

இங்கே பூர்வபட்சம் ஒன்று எழுகிறது. எழுப்புகிறவர் எதிர்வீட்டு மாஷ்டாரு. ஓய்வுபெற்ற தெலுங்குப் பண்டிதர். நான் எதைச் சொன்னாலும் மறுப்பதைப் பென்ஷனோடு சேர்ந்த கடமையாகக் கருதுகிறவர். "ஒரு ஆட்டத்துக்கு எத்தனை வெடி வெடிப்பாங்க, ஷாட்கன்ல?" என்றார். நாலு, ஆறு என்றேன். "நாலு வெடிக்கு எந்தக் குழாய் அய்யா காயும்? எங்க வீட்டுக் குக்கரே அஞ்சாவது விசிலுக்குத்தான் அடங்குது."

அற்றன்று. பகல் முழுக்க ஆட்டம் மாற்றி ஆட்டம் சுடுகிறார்கள். நடுவெயிலில் குழல் சும்மா கிடந்தாலே காயும். அவர்களில் கரிமருந்து மட்டுமே போட்டுச் சுடும் பிரிவினரும் உண்டு. எனினும் மாஷ்டாரின் வாதத்தில் பாதிக்குமேல் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். அவசியம் நிஜமாகவே இருந்த இடம் பிரிட்டன். அங்கே பிரபுக்கள் வரிசையாக நின்றுகொள்ள, ஆட்கள் பறவைகளைக் கலைத்து அவர்கள் தலைக்குமேல் விரட்டுவார்கள். பக்கத்தில் ஒருவன் இரண்டாவது துப்பாக்கியில் தோட்டா நிரப்பி நிரப்பி நீட்டுவான். அந்தக் குழல் நிஜமாகவே கொதித்தது. அதற்கென்று தோல் போர்த்திய எஃகுப் பட்டை ஒன்றைக் குழலில் செருகினார்கள். கௌபாய்களின் வார்கோத்த தோலுறை பெரும்பாலும் அணிகலனே. சரிகை அங்கவஸ்திரத்தை யாரும் குளிருக்காகப் போட்டுக்கொள்வதில்லையே!

இனிப் பெயராராய்ச்சி. தமிழில் இதற்குப் பெயரில்லை என்று கூறுவார் உளர். வடமொழியில் கோதா என்றால் உடும்பு. வில்லின் நாண் உரசிப் புண்ணாகாமலிருக்க வில்லாளி இடக்கையில் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தோலுக்கும் அதே பெயர். தமிழுக்கு வந்து அது கோதை ஆயிற்று. நம் அகராதிகளில் கோதை என்றால் மாலை, பெண், சேரன் என்று போய், நாலு அடி தள்ளி இந்தத் தோல்கட்டும் ஒதுங்கி நிற்கும். கவனிக்க: கட்டுவது இடக்கை. ஷாட்கன்னில் சுடுபடுவதும் இடக்கை. ஆயுதம் வில்லிலிருந்து துப்பாக்கியானதும், தோல் கையை விட்டு இறங்கிக் குழலுக்கு மாறிக்கொண்டது. ஆகவே இப்பொருளைக் குழற்கோதை என்று அழைப்பதே முறை.

இதில் ஒரு சங்கடம். குழற்கோதை என்று காதில் விழுந்தால் எந்தத் தமிழனுக்கும் கூந்தலில் சூடிய பூமாலைதான் நினைவுக்கு வரும், இரட்டைக்குழல் துப்பாக்கி வராது. அதுவும் திருப்பதிப் பக்கத்தில் கோதை என்றால் ஆண்டாள். புரட்டாசி பிரம்மோற்சவக் கருட சேவைக்கு அவள் மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறது. ஒரே சொல் மலைமேல் மாலையாகவும் மலையடியில் மாட்டுத்தோலாகவும் இருக்கலாமா என்று மாஷ்டாரு கேட்டார். அலிபிரி பாதால மண்டபத்தில் பெருமாள் செருப்பைத் தலையில் சுமந்து வலம்வருகிற ஊரில் தோலுக்கு என்ன தாழ்வு என்று திருப்பிக் கேட்டேன். அன்றைக்கு அவர் மோர் குடிக்காமலே போய்விட்டார்.

காளத்தியில் வேட்டுவர் கண்ணப்பர் இடக்கையில் கோதை கட்டியிருந்திருப்பார் என்றும், எனவே இதன் மூல ஸ்தானம் இன்றைய திருப்பதி மாவட்டமே என்றும் மறுநாள் ஒரு துணிபை முன்வைத்தேன். "நீர் பார்த்தீரா?" என்றார். நான் பார்க்கவில்லை. துணிபைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஆனால் இரண்டாம் சான்றை அவரால் அசைக்க முடியவில்லை. ஹைதர் அலி 1782 டிசம்பரில் பாசறையில் உயிர்விட்ட நரசிங்கராயன்பேட்டை நம் சித்தூருக்கு அருகே. அவன் படையின் பெருமை ராக்கெட். 1780-இல் பொள்ளிலூரில் ஆங்கிலேயர் அதன் சூட்டை அனுபவித்தார்கள். ராக்கெட் என்பது என்ன? மருந்து அடைத்த இரும்புக் குழல்; அதை மூங்கிலோடு சேர்த்துத் தோல்வாரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழல், உள்ளே நெருப்பு, வெளியே சுற்றிய தோல்! கௌபாய்க்கு நூறாண்டு முந்தி! "அது கட்டுறதுக்கு அய்யா, கை சுடாமலிருக்க இல்லை. அதைப் பிடிச்சிட்டு நின்னா கையே இருக்காது" என்றார் மாஷ்டாரு. பயன் வேறு, உரு ஒன்று என்று நான் விடையிறுத்தேன். இதை அவர் மறுக்கவில்லை. தினமணியைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மௌனம் உடன்பாடு என்று கொள்ளப்படும்.

மூன்றாம் சான்று சந்தேகத்துக்கு இடமில்லாதது: தோல். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது வடஆர்க்காட்டின் தலைநகர். ராணிப்பேட்டை, ஆம்பூர் இரண்டுமே அந்தப் பழைய வடஆர்க்காட்டுத் தோல்பூமிதான். ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டு, கடுக்காயில் நிறம் தேற்றி, அரைப் பதத்தில் கப்பலேற்றிய தோலை ஈஸ்ட் இந்தியா தோல் என்று உலகச் சந்தை அழைத்தது. தெலுங்கில் தங்கேடு என்று பெயர் வாங்கி, பொங்கலுக்கு மஞ்சள் பூவாய்ப் பூத்து நிற்கும் அதே ஆவாரை. அந்தத் தோல் பெரும்பாலும் லண்டனுக்குப் போயிற்று. அங்கே பிரபுக்களின் துப்பாக்கிக்குச் செருகுறை தைத்தவர் கைக்கும் ஒரு துண்டு போகாமலா இருந்திருக்கும்? என்னிடம் ரசீது இல்லை. ஆசை மட்டும் இருக்கிறது.

கௌபாய் ஆயுதமும் இங்கே வந்திருக்கிறது. பெங்களூரிலிருந்த கென்னத் ஆண்டர்சன் ஆட்கொல்லிப் புலி தேடித் திருப்பதிக்கு மேற்கே சாமலா பள்ளத்தாக்கில் அலைந்ததைத் தம் 1954-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எழுதினார். அவர் விரும்பித் தூக்கியது 405 வின்செஸ்டர், லீவர் ரைபிள். அமெரிக்கச் சொசைட்டி தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் லீவரின் 'சடக்' ஓசை நம் சேஷாசல மலையில் கேட்டாயிற்று. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதுவும் ஓய்ந்தது.

இவ்வளவு உரிமை இருந்தும் சித்தூரில் குழற்கோதை தோன்றாததன் காரணம் எளிது: இங்கே குழல் சுடுவதில்லை. லைசென்ஸ் துப்பாக்கி பீரோவுக்குப் பின்னால் பழைய வேட்டியில் சுற்றிக் கிடக்கும். அது வெளியே வருவது தேர்தலுக்குத் தேர்தல், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க. 2024-இல் ஆந்திராவுக்கு வாக்குப்பதிவு மே 13. அக்கினி வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டேஷன்வரை தூக்கிப் போனால் ஒரு வெடியும் வெடிக்காமல் குழல் கையைச் சுட்டுவிடும். இந்த ஊருக்கு வேண்டியது வெடிச்சூட்டுக்கான உறை அன்று, வெயிற்சூட்டுக்கானது. திருமலையில் மாடவீதிக் கல்லுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, விரிப்புப் போட்டு, தண்ணீர் தெளிப்பவர்களுக்கு இந்த உண்மை எப்போதோ தெரியும்.

இனிச் செய்முறை. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே குடை விரித்து உட்காரும் செருப்புத் தைப்பவரிடம் அளவைச் சொன்னேன். குரோம் போட்டது வேண்டாம், பட்டையில் பதனிட்டதுதான் வேண்டும் என்றும் சொன்னேன். தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எதுக்கு சார், குதிரைக்கா?" என்றார். துப்பாக்கிக்கு என்றேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டார். துப்பாக்கி இல்லை, ஆராய்ச்சிக்கு என்று விளக்கிய பிறகு, முன்பணம் கேட்டார்.

தைத்து முடிந்ததை முதலில் இரும்பு வாணலிக் கைப்பிடியில் சோதிப்பதாக ஏற்பாடு. "தோலைத் தூக்கிட்டு அடுப்படிக்குள்ள வராதீங்க, சொல்லிட்டேன். மசிகுட்டை எதுக்கு இருக்கு?" என்றாள் மனைவி. மசிகுட்டை என்பது எங்கள் பக்கத்துக் கரித்துணி. தெலுங்குக்காரர்களிடமிருந்து வந்த சொல், யாருடையதோ பழைய பாவாடையிலிருந்து வந்த பொருள். வேறு வழியின்றி வாசல் கேட்டைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு கதவும் சேருமிடத்தில் இரண்டு இரும்புக் குழாய்கள் ஒட்டி நிற்கின்றன, அசல் இரட்டைக்குழல். அளவும் கச்சிதம். வார் கோத்து இறுக்கிவிட்டு ஐந்தடி தள்ளி நின்று ரசித்தேன். பிறகு கேட்டைத் திறக்க முடியவில்லை. அவிழ்த்து, ஒரே குழாயில் இரண்டு சுற்றாகக் கட்டினேன்.

மே, ஜூன் இரண்டு மாதமும் பரிசோதனை வெற்றி. பால்காரர் ஒருவரே அதை மெச்சினார். மதியம் கணக்குத் தீர்க்க வரும்போது கேட்டைத் தோள்பட்டையால் இடித்துத் திறக்கும் பழக்கத்தை விட்டார். மாஷ்டாரு மட்டும் வேண்டுமென்றே பக்கத்துக் குழாயைப் பிடித்துத் திறப்பார், சுட்டாலும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நாலு நாள் ஊறிய தோல், ஆவாரந்துவர்ப்பு, அடியில் இரும்பு: இந்த மூன்றும் கூடினால் என்ன ஆகும் என்பதைப் பழைய காலத்தில் எழுத்து மை காய்ச்சியவர்கள் அறிவார்கள். ஐந்தாம் நாள் காலை பால்காரர் கேட்டைத் திறந்த கையோடு பால் பாக்கெட்டை நீட்டினார். பாக்கெட்டில் நாலு விரலும் கன்னங்கரேலென்று அச்சு. மனைவி தோலை அவிழ்க்கச் சொன்னாள். உள்ளே குழாயைச் சுற்றிக் கறுப்பு மை, அதற்கடியில் துரு. எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து மாஷ்டாரு இறங்கி வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மசின்னா என்ன அர்த்தம், தெரியுமா?" என்றார்.

"மை" என்றேன்.

"குட்டைன்னா?"

நான் பதில் சொல்லவில்லை. மனைவி உள்ளே போய்ப் பழைய பாவாடைத் துணியைக் கொண்டுவந்து பால்காரரிடம் கை துடைக்கக் கொடுத்தாள்.