நுரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கோலி

வீட்டுப் பின்கட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்வதைப் பொழுதுபோக்காகக் கொண்ட மேலைநாட்டு அன்பர்களின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்குவோர், அவர்களுடைய கவலையில் பெரும்பங்கு பார்லியிலோ ஈஸ்ட்டிலோ செலவாவதில்லை என்பதையும், காய்ச்சி நொதிக்கவைத்து முடித்த பானத்துக்குள் கேஸ் ஏற்றுவது எப்படி என்ற ஒரே கேள்வியில்தான் அவர்கள் இளைத்துப்போகிறார்கள் என்பதையும் எளிதில் கண்டுகொள்வர். நொதித்தல் என்பது ஈஸ்ட் எனும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று அதன் எடையில் ஏறக்குறைய பாதியைச் சாராயமாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றும் செயல். இதில் சாராயம் பானத்திலேயே தங்கிவிட, வாயு மட்டும் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறிவிடுவதால், இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது சப்பென்று கிடக்கும் ஒரு மஞ்சள் தண்ணீரே ஆகும்.

போன வாயுவைத் திரும்ப அழைத்துவர இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பாட்டிலில் ஊற்றும்போது லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் சர்க்கரையைச் சேர்த்து இறுக மூடிவிடுவது. மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதையும் தின்று மூடிக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும், சர்க்கரை சற்றுக் கூடிப்போனால் பாட்டில் நள்ளிரவில் வெடித்து வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் ஒருங்கே எழுப்பும். இரண்டாவது, கெக் என்று அழைக்கப்படும் சுமார் 19 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் உருளையில் பீரை நிரப்பி, வாயு சிலிண்டரையும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் அதனோடு இணைத்து, ஒரு வாரம் பொறுமையாகக் காத்திருப்பது. பொறுமையற்றவர்கள் அவ்வுருளையை மடியில் கிடத்தித் தாலாட்டுவதும் காலால் முன்னும் பின்னும் உருட்டுவதும் உண்டு.

இவ்வளவு அல்லற்பட்டும் பீருக்குள் போய்ச் சேரும் வாயு லிட்டருக்குச் சுமார் 5 கிராம்தான் என்பதைக் கேட்டு வேறு ஊரார் சிரிக்கலாம். பனியன் துணியின் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கான எடை, ஐந்து கிராம் குறைந்தாலே வாங்குபவரின் டெபிட் நோட்டு வந்து விழும் திருப்பூர் வட்டாரத்தில் மட்டும் எவரும் சிரிக்கமாட்டார்.

அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், பெரியவர்கள் இருவர் உள்ள வீடு ஆண்டுக்கு 200 காலன் பீரை வரியின்றிக் காய்ச்சிக்கொள்ள இடமளித்தது. அது 757 லிட்டர், அதாவது நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கும் மேல் என்பதால், இவ்வளவையும் குடித்துவிட்டு அந்தக் குடும்பம் மறுநாள் எழுந்து வேலைக்குப் போகும் என்று அரசு வைத்த நம்பிக்கை வியக்கத்தக்கதாகும். பிரிட்டன் அதற்கும் முன்பே, 1963இல், வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற விதியைக் கைவிட்டிருந்தது.

திருப்பூருக்கும் அவினாசிக்கும் இடையிலுள்ள திருமுருகன்பூண்டியை வீட்டில் பீர் காய்ச்சுவோரின் கண்கொண்டு ஆராய்ந்தால், இந்தக் கலைக்குத் தேவையானவற்றில் ஊரில் இல்லாத பொருள் அநேகமாக எதுவும் இல்லை என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கும். அழுத்தத்தைத் தாங்கும் எவர்சில்வர் கலம் என்றால், சாயப்பட்டறைகளில் துணியைச் சுழலவிட்டுச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் அப்படிப்பட்ட கலங்களே. அவற்றை வெல்டிங் செய்து பழகிய கைகளுக்குப் பீர் உருளை ஒரு மதிய நேர வேலை. குழாயும் வால்வும் பிரஷர் மீட்டரும் கம்ப்ரஸர் வைத்திருக்கும் எந்தக் கம்பெனியிலும் தட்டுப்படும். வாயுவோ, கறுப்புப் புனல் பொருத்திய சிவப்புத் தீயணைப்பான் வடிவில் கம்பெனிகளின் மின்பலகைகளுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, வெளிநாட்டு பையரின் ஆடிட் நாளன்று தூசி துடைக்கப்படுவதற்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கிறது. இவை அத்தனையும் இருந்தும் இல்லாதது அனுமதி ஒன்றுதான்.

1937இல் ராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்து, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த மதுவிலக்குச் சட்டம், உரிமமின்றி மது தயாரிப்பதை மட்டுமல்லாமல், தயாரிப்பதற்கான பாத்திரங்களையும் கருவிகளையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. இந்தக் கண்டிப்பை வகுத்தவர்கள் பானையின் உள்ளக்கிடக்கையைப் படிக்கும் ஆற்றலைக் காவல்துறைக்கு வழங்கிவிட்டார்கள் என்றே கொள்ளவேண்டும். ஏனெனில் குருமாவுக்கான குண்டாவும் குற்றத்துக்கான குண்டாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சேரமான் பெருமாளிடம் பெற்ற பொன்னோடு வந்த சுந்தரரைச் சிவபெருமானின் பூதகணங்கள் வேடர் உருவில் வழிமறித்துப் பறித்ததும், அவர் பதிகம் பாடியபின் பறித்ததை முழுதும் திருப்பிக் கொடுத்ததும் இதே திருமுருகன்பூண்டியில் நிகழ்ந்ததாகத் தலபுராணம் கூறும். ஆனால் மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்ப் பறிமுதலான பொருளுக்கு இந்த முன்னுதாரணம் செல்லாது என்பதையும், பத்துப் பதிகம் பாடினாலும் கெக் திரும்பாது என்பதையும் ஆர்வலர்கள் கருத்தில் கொள்வது நல்லது.

சட்டத்துக்கும் நொதித்தலுக்கும் இடையிலான உறவு மிகவும் சிக்கலாவது பாளையின் நுனியில்தான். பனையின் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சொட்டுவது இனிப்பான சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால், அந்தக் காரத்தில் ஈஸ்ட் தொழில் நடத்த முடியாமல்போக, காலையில் இறங்குவது மற்ற பகுதிகளில் பதநீர் என்றும் கொங்குநாட்டில் தெளுவு என்றும் சொல்லப்படும் சாதுவான பானம். தடவ மறந்தால், அல்லது மறந்ததுபோல் இருந்துவிட்டால், காற்றில் மிதந்துவரும் ஈஸ்ட் எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வேலையைத் தொடங்கி, விடிவதற்குள் கலயத்தின் வாய்வரை நுரை கட்டி, அதைக் கள்ளாக்கிவிடும். ஆக, மரமேறி வீட்டில் உறங்கிக்கொண்டிருக்க, குற்றம் முழுவதும் மரத்தின் உச்சியில் தானாகவே நடந்து முடிகிறது. உண்மையான குற்றவாளியோ கண்ணுக்குத் தெரியாத அளவினது, அதுவும் கோடிக்கணக்கில் இருப்பது, பெயரோ முகவரியோ இல்லாதது என்பதால், கலயத்துக்குச் சொந்தக்காரரைப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு விரல் சுண்ணாம்பு இருந்தால் கருப்பட்டித் தொழில், இல்லாவிட்டால் காவல் நிலையம் என்று பிரிக்கும் இந்த ஏற்பாட்டை வேதியியலைச் சட்டமாக்கிய அரிய முயற்சி என்று பாராட்டுவதற்கு இடமுண்டு.

1987ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கள் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டால் அதே சாறு அதே நுரையோடு உரிமம் பெற்ற கடையில் கிடைக்கிறது. தென்னையிலிருந்து நீரா இறக்க 2017இல் தமிழக அரசு வழிசெய்தபோது, சுண்ணாம்புக்கு மாற்றாகக் குளிரூட்டிய பெட்டிகள் பேசப்பட்டன. மரத்தின் உச்சிக்கே ஐஸ் பெட்டி ஏறியது, ஈஸ்ட்டின் வரலாற்றில் அதற்கு நேர்ந்த பெரும் அவமானங்களுள் ஒன்றாகக் கருதத்தக்கது.

கள்ளுக்கு மேலைநாட்டாரின் அல்லல் எதுவும் கிடையாது. அது தானே நொதித்துத் தானே கேஸ் ஏற்றிக்கொள்ளும். அதன் குறை, நிறுத்தத் தெரியாமை ஒன்றே. இறுக மூடிய பிளாஸ்டிக் கேனில் அடைத்து வண்டியில் கட்டிக்கொண்டு வெயிலில் வருபவர், வழியிலேயே கேன் பலாப்பழம்போல் உப்பி வருவதைக் கண்டு மூடியைச் சற்றே தளர்த்துவார். தளர்த்தினால் வாசனை வரும், வாசனை வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். அழுத்தமும் அச்சமும் ஒரே மூடியின் இரு பக்கங்களில் இவ்வளவு சரிசமமாக நிற்கும் நிலையை வேறெந்த ஆய்வகத்திலும் உண்டாக்க முடியாது.

நொதித்தலில் பிறக்கும் இரண்டு பொருள்களில் சட்டம் தடுப்பது ஒன்றைத்தான், மற்றதன்மேல் அதற்கு எந்தப் பகையும் இல்லை என்ற உண்மையை இங்கே நினைவுகூர வேண்டும். சோடா பிறந்த கதையே இதற்குச் சான்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1767இல் ஒரு பீர் ஆலையை அடுத்துக் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார், நொதித்துக்கொண்டிருந்த பீர்த் தொட்டியின் மேலே தேங்கி நின்ற வாயுவில் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றி, அது சுறுசுறுவென்ற ருசி பெறுவதைக் கண்டார். 1772இல் அதைப் பற்றி ஒரு சிறுநூலும் வெளியிட்டார். தேநீர்க் கடையில் டீ ஆற்றுபவர் நாள்தோறும் செய்வதும் ஏறத்தாழ இதுவே, அவருக்குக் கீழே பீர்த் தொட்டி இல்லாததால் உலகப் புகழ் கிட்டவில்லை. 1783இல் ஜெனீவாவில் ஷ்வெப் என்பவர் இதை வணிகமாக்க, 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிக் கோலியையே மூடியாகக் கொண்ட பாட்டிலுக்குக் காப்புரிமை பெற, கடைசியில் அது தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் கோலி சோடாவாக நிலைகொண்டது.

அந்தப் பாட்டிலில் சோடா அடைக்கும் முறை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இரும்புக் கூண்டுக்குள் பொருத்தி, வாயுக் குழாயைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக் கூண்டைச் சுற்றுவார்கள். சுழற்சியில் தண்ணீரும் வாயுவும் குலுங்கிக் கலக்கும், கூண்டு வெடிக்கும் பாட்டிலிலிருந்து அடைப்பவரின் முகத்தைக் காக்கும். பாட்டில் தலைகீழாக நிற்கும் கணத்தில் கோலி கழுத்துக்கு இறங்கி, அங்கேயுள்ள ரப்பர் வளையத்தில் உட்கார, உள்ளிருக்கும் அழுத்தமே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மேலைநாட்டு ஆர்வலர் தம் உருளையை மடியில் கிடத்தித் தாலாட்டிப் பெறும் பலனை, இந்தக் கைப்பிடி எந்தப் பாசமும் காட்டாமல் சில சுற்றுகளில் பெற்றுவிடுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவர்கள் போற்றும் கார்னிலியஸ் கெக் என்பது முதலில் பீருக்காகச் செய்யப்பட்டதே அன்று. பெப்சி, கோக் நிறுவனங்கள் குளிர்பானப் பாகை அனுப்பப் பயன்படுத்திய உருளைகள் பிற்காலத்தில் கழித்துவிடப்பட, அவற்றைப் பழைய விலைக்கு வாங்கியே வீட்டுப் பீர்க்காரர்கள் தங்கள் கலையை வளர்த்தார்கள். பீரிடமிருந்து கேஸைக் கடன்வாங்கிப் பிழைத்த சோடா, இருநூறு ஆண்டுகள் கழித்து ஒரு பழைய பாத்திரத்தைக் கொடுத்துக் கணக்கை நேர்செய்துகொண்டது என்று சொல்லலாம்.

அனுமதியே கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், திருமுருகன்பூண்டியின் சித்திரை வெயில் சும்மா விடாது. நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவு அதன்மேல் உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது என்று 1803இல் வில்லியம் ஹென்றி கண்டறிந்த விதி, வெப்பம் ஏறினால் அதே அழுத்தத்தில் கரைவது குறையும் என்ற உண்மையோடு சேர்ந்து வேலைசெய்கிறது. 4 பாகை செல்சியஸில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 12 பவுண்டு அழுத்தத்தில் பீருக்குள் அமைதியாக நுழையும் அதே வாயுவை, 30 பாகையில் நுழைக்க 40 பவுண்டு வரை வேண்டும். அப்படி நுழைத்ததைக் குழாயில் பிடித்தால் டம்ளர் முழுவதும் நுரையே நிற்கும், பீர் தரையில் ஓடும். சிலிண்டருக்குள்ளும் நிலைமை நன்றாயில்லை. கரியமில வாயு 31 பாகையைத் தாண்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் நீர்மமாகாது என்பதால், அந்த வெயிலில் உள்ளே இருப்பது நீர்மமும் அல்லாமல் வளிமமும் அல்லாமல் இரணியன் கேட்ட வரத்தில் இடம்பெறத்தக்க ஒரு பொருள். 1857இல் நிறுவப்பட்டு, 1915இல் தாமஸ் லீஷ்மன் உருவாக்கிய யுனைடெட் புருவரீஸில் இணைந்த காசில் புருவரியைத் தொடங்கியவர்கள், சமவெளியை விட்டுவிட்டு நீலகிரிக் குளிரைத் தேடிப்போனதில் நியாயம் உண்டு. டாஸ்மாக் கடையின் கம்பிவலைக்கு வெளியே நின்று ‘கூலிங் இருக்கா?’ என்று கேட்பவரைச் சுகவாசி என்று இகழ்வது தவறு; அவர் கேட்பது ஹென்றியின் விதி. கூலிங் இல்லாத பாட்டிலைத் திறந்தால் காசு கொடுத்த வாயு சட்டையில் நிற்கும்.

ஆயினும் திருமுருகன்பூண்டியில் கேஸ் ஏற்றும் கலை அழிந்துவிட்டதாக எண்ணவேண்டியதில்லை. வாரச் சம்பளம் கைக்கு வரும் சனிக்கிழமை மாலையில், கட்டிங் மாஸ்டரும் டெய்லரும் அயர்ன்காரரும் டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டரும் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு சோடாவும் வாங்குகிறார்கள். நொதித்தலின் ஒரு பாதியாகிய சாராயம் 2003 முதல் அரசின் தனிச் சில்லறை உரிமையில் விற்கப்படுவது, ஜிஎஸ்டிக்கு உட்படாதது, மாநில வரியால் கனத்தது. மறுபாதியாகிய வாயு ஜிஎஸ்டிப் பட்டியலில் இருப்பது, எவரும் எங்கும் விற்கக்கூடியது. இரண்டு துறைகளும் இரண்டு வரிகளும் இத்தனை காலமாகப் பிரித்துவைத்திருக்கும் இவ்விரண்டையும், அவர்கள் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி நொடிப்பொழுதில் சேர்த்துவிடுகிறார்கள். ரெகுலேட்டர் இல்லை, கெக் இல்லை, ஒரு வாரக் காத்திருப்பும் இல்லை. கலக்குவதற்கு விரலே போதும். உடன் வந்த குடிக்காத நண்பருக்கு எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட சோடா. உப்பின் ஒவ்வொரு மணியும் குமிழி பிறப்பதற்கு இடம்கொடுப்பதால் அது சீறிப் பொங்கி வழியும். அவர் அதை ஒரே மூச்சில் குடித்து, மற்றவர்களைவிட உரக்க ஏப்பம் விட்டு, அந்தக் கூட்டத்திலேயே லிட்டருக்கு அதிக வாயு உட்கொண்டவர் தாமே என்பதை நிரூபிப்பார். கடைக்காரர் இவை எதையும் கவனிக்கமாட்டார். கோலி பாட்டில் காலியானதும் திரும்பி வரவேண்டும் என்பதில் மட்டும் கண்ணாக இருப்பார்.