தூரக்கணக்கு அண்ணாச்சி

திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாரில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். "மகன் துபாய்க்குப் போறான்" என்று சொல்லி வாய் மூடுமுன், "2,950 கிலோமீட்டர், நாலு மணி நேரம்" என்று பதில் வந்து விழும். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்றெல்லாம் கேட்க மாட்டார். அவை மாறக்கூடியவை, தூரம் மாறாது.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையார். பிள்ளையாருக்குப் பக்கத்தில் பூகோள உருண்டை. பொட்டலம் கட்டும் சணலை அதன்மேல் இழுத்துப் பிடித்துத்தான் அளப்பார். "தட்டைப் படத்துல கோடு போட்டா ஏமாந்து போவீய. பூமி உருண்டை, கேட்டியளா?"

சணல் சொல்வதும் பொய்யில்லை. இங்கிருந்து கொழும்பு சுமார் 350 கிலோமீட்டர். சென்னையோ 600 சொச்சம். மாலத்தீவின் மாலேயும் அதே 600 சொச்சம். "நாகர்கோவில்காரனுக்குச் சொந்தத் தலைநகரத்தைவிட இலங்கைதாம்ய்யா பக்கம்!" என்று, அதைத் தாமே இழுத்து வைத்ததுபோல் பெருமைப்படுவார்.

காலை 10 மணிக்கு இங்கே ஏறினால் துபாயில் பகல் 12.30க்கு இறங்கலாம். அங்கே 10 மணிக்கு ஏறினால் இங்கே வந்துசேர மாலை 3.30 ஆகிவிடும். "போகையில வேகமாப் போகுமோ?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மிளகாய் வற்றல் தராசிலேயே காயும். துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவதில் தொடங்கி, பனிக்காலத்து மேல்காற்று மேற்கே போகிற விமானத்தை எதிர்த்துத் தள்ளுவதுவரை பாடம் நீளும். அது முடிவதற்குள் கொழும்பு விமானம் பாதிக் கடல் தாண்டியிருக்கும்.

ஆகாயத்தில் அண்ணாச்சிக்குத் தெரியாத பாதையில்லை. தரைதான் காலை வாரும். "மாமா, நாகர்கோவில்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மருமகன் போனில் கேட்டால் குரல் தணிந்துவிடும். "எழுவது கிலோமீட்டர்தான் மக்கா. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலை எந்தச் சணலால அளக்க? நீ காலம்பறவே கிளம்பிரு."

அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஆண்டுக்கு இருமுறை வரும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமியின் ஆராட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்கு நீராடப் போகும். 1991இல் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வாங்கிய பிறகும் அந்த வழி மாறவில்லை. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஒரு விமானமும் ஏறாது, இறங்காது.

அன்று மாலை டிக்கெட் எடுத்துவிட்டுப் பதறி நிற்கும் பயணிக்கு அண்ணாச்சி கூட்டிக் கழித்து எதுவும் சொல்வதில்லை. உருண்டையைத் துணியால் மூடிவிட்டுச் சொல்வார்:

"குளிக்கப் போனவரைச் சீக்கிரம் கரையேறும்னு சொல்ல எந்த பைலட்டுக்குவே தைரியம் இருக்கு?"