100 எம்பி பங்காளி

சித்தூர்க்காரனுக்குப் பிரிவினை புதிதல்ல. 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காட்டிலிருந்து எங்களை அறுத்தெடுத்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று எங்களிடமிருந்த திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்தார்கள். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனிக்குடித்தனம் போனது, ஏழுமலையானையும் கையோடு கூட்டிக்கொண்டு. ஆகவே போன வருடம் வீட்டு சர்வரில் ‘பார்ட்டிஷன்’ கோளாறு என்று தெரிந்ததும், இது நம்ம ஊர் சமாசாரம்தானே என்று பனியனோடு உட்கார்ந்துவிட்டேன். அதுவும் ஏப்ரல்தான்.

வீட்டில் எதற்கு சர்வர்? என் மனைவியும் எட்டு வருடமாக அதைத்தான் கேட்கிறாள். ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பெட்டியை வெல்ல மண்டிக் கணக்குக்கென்று வாங்கினேன். கணக்கு ஒரு மூலையில் கிடக்கிறது. மிச்சமெல்லாம் மகன் கல்யாணம், பேத்தி காதுகுத்து, நான் பாடியதால் பாதியில் கலைந்த பஜனை. அதில் ஓடுவது வின்டோஸ் சர்வர் 2008 ஆர்2. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓடு அதைக் கைகழுவிவிட்டது. நான் கழுவவில்லை.

தினமும் இரவு 9 மணிக்குத் தானாக பேக்கப் எடுக்கும்படி வைத்திருந்தேன். அந்த டிஸ்க்கின் மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ‘பத்திரம்’ என்று எழுதிக் குங்குமமும் வைத்தாயிற்று. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போன அன்று, “நம்ம படமெல்லாம் இருக்குதாங்க?” என்றாள் மனைவி. பெருமையாகத் திறந்து காட்டினேன். கடைசி பேக்கப் ஏழு மாதத்துக்கு முந்தையது. அதற்குப்பின் ஒவ்வொரு இரவும் தோற்று, தோற்றதைத் தேதி போட்டு எழுதியும் வைத்திருந்தது அந்தப் பெட்டி. காணிப்பாக்கம் பிள்ளையார் முன் சத்தியம் செய்த மாதிரி ஒரு நாள்கூடப் பொய் சொல்லவில்லை. படிக்காதவன் நான்தான்.

குற்றவாளி கண்ணுக்கே தெரியாத ஆள். சி, டி என்று நாம் பார்க்கும் பெரிய பாகங்களுக்கு முன்னால் ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்று 100 எம்பி-க்கு ஒரு துண்டு. பெட்டி கண் விழிக்கத் தேவையான ஃபைல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. முழு சர்வருக்கும் பேக்கப் எடுப்பதென்றால் அந்தத் துண்டும் சேர்த்தி. 500 எம்பி-க்குக் குறைந்த பாகமானால் அதில் 50 எம்பி-யாவது காலியாக இருக்க வேண்டுமாம். என்னுடையதில் 31. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார், பழைய கவசம் இப்போது பொருந்துவதில்லை என்பார்கள். இங்கேயும் அதே கதை: உள்ளே ஃபைல் மாற்றங்களை எழுதிவைக்கும் குறிப்பேடு வளர்ந்துவிட்டது, கவசம் அதே 100 எம்பி. சி-யில் 300 ஜிபி சும்மா கிடக்க, 19 எம்பி இல்லாமல் பேத்தி காதுகுத்து அந்தரத்தில் தொங்கியது.

எங்கள் தாத்தா எழுதிய பாகப்பத்திரத்தில் கரும்புத் தோட்டம் முழுக்க எங்களுக்கு; கிணற்று மேடு ஒரு சென்ட் மட்டும் சின்னத் தாத்தாவுக்கு. மோட்டார் போடவேண்டுமானால் அவர் கையெழுத்து வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரம் இல்லை. அந்த 100 எம்பி-யைப் பார்த்ததும் எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது.

சரி, சி-யைக் கொஞ்சம் சுருக்கிச் சின்னத் தாத்தாவுக்குக் கொடுப்போம் என்று பார்த்தேன். சுருக்கினால் காலி இடம் சி-க்குப் பின்பக்கம் விழுகிறது. அவரோ முன்பக்கம். பாகத்தை நீட்ட வேண்டுமென்றால் ஒட்டினாற்போல் வலப்பக்கம் காலி மனை இருக்க வேண்டும். நடுவே சி காம்பவுண்டு போட்டு உட்கார்ந்திருந்தது. வேறு ஏதாவது வழி உண்டா என்று சி-யின் மேல் ரைட் கிளிக் செய்ததில், ‘ஆக்டிவ்’ ஆக்கலாமா என்று ஒரு வரி தென்பட்டது. சுறுசுறுப்பாக இருந்தால் நல்லதுதானே? அமுக்கினேன். எச்சரித்தது. எச்சரிக்கையையும் அமுக்கினேன்.

மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் ஒரே வரி: ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’. எனக்கு எம்ஜிஆர் மட்டும்தான் புரிந்தது.

திருப்பதியிலிருந்து அக்கா மகன் எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தான், பையில் ஒரு டிவிடி-யோடு. எழுந்ததும் எந்தக் கதவைத் தட்டுவது என்று பெட்டிக்குச் சொல்வதுதான் ‘ஆக்டிவ்’ என்றான். கதவை நான் மாற்றிவிட்டேன். சாவி பழைய வீட்டிலேயே. டிவிடி-யிலிருந்து எழுப்பிப் பார்த்தால் எழுத்துகளும் இடம் மாறியிருந்தன. சின்னத் தாத்தா ‘சி’ என்ற பெயரில் நின்றார், நிஜமான சி ‘டி’ ஆகியிருந்தது.

“நல்லவேளை மாமா, டி-யை ஃபார்மேட் பண்ணல நீங்க.”

“காப்பி குடிச்சிட்டுப் பண்ணலாம்னு இருந்தேன்.”

‘பிசிடிபூட்’ என்று தொடங்கி ஒரே ஒரு வரி அடித்தான். விழிக்கவைக்கும் ஃபைல்கள் பெரிய பாகத்துக்கே குடிவந்தன. பெட்டி எழுந்தது. “இனிமே அந்த 100 எம்பி தயவே வேணாம் மாமா, பேக்கப்லேர்ந்தும் அதைக் கழட்டிட்டேன். நீங்க தப்பா அமுக்கினதுதான் பாதி வைத்தியம்.” மனைவியிடம் இதை அப்படியே சொன்னேன், ‘தப்பா’வை மட்டும் விட்டுவிட்டு.

அன்றிரவு பேக்கப் முடிந்தது. டிஸ்க்கை வழக்கம்போல் சர்வர் தலைமேலேயே வைத்தேன். இரண்டும் ஒரே இடத்திலா என்பதுபோல் அவள் பார்த்தாள். பத்திரம் என்றால் எப்படி என்று நான் அன்னமாச்சாரியார் கதையை எடுத்துவிட்டேன். அவர் கீர்த்தனைகளைச் செப்பேட்டில் வெட்டித் திருமலைக் கோயிலுக்குள் கல் அறையில் வைத்தார்கள். அவர் மறைந்து நானூறு வருடத்துக்கு மேல் ஆனபிறகு, 1922-இல், சுமார் 2,500 ஏடுகள் வெளியே வந்தன. “அவங்க வீட்டுக்காரம்மா சொல்லித்தான் அங்க கொண்டு போயிருப்பாங்க” என்றாள்.

எனவே இன்னொரு பிரதி எடுத்துத் திருப்பதியில் அக்கா மகன் பீரோவில் வைக்க ஏற்பாடு. போன வாரம் போன் செய்தான். “மாமா, உங்க டிஸ்க்குல பாதிக்கு மேல காலியாத்தான் கெடந்துச்சு. என் சாமானுக்குன்னு ஒரு பாகம் பிரிச்சுக்கிட்டேன், பரவால்லதானே?”

காலண்டரைப் பார்த்தேன். ஏப்ரல் 4.