மிச்சம் சார்

கோயில் என்று ஒன்று இருந்தால் அங்கே ஒரு மிச்சம் சார் இருப்பார். பதவி எதுவும் கிடையாது. அறங்காவலர் பட்டியலில் பெயர் இல்லை, கும்பாபிஷேகக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் பிரசாத அண்டாவுக்குப் பக்கத்தில், கரண்டி பிடித்தவரின் தோளுக்கு மேலே ஒரு முகம் எட்டிப் பார்க்கிறதே, அவர்தான். ஏதோ ஒரு ஆபீசின் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு வேறு யாரையும் கொட்ட விடுவதில்லை.

எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் இருப்பவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

சங்கடஹர சதுர்த்தியன்று அவரைப் பார்க்க வேண்டும். தொன்னைக்கு நெய் ஆதாரமா, நெய்க்குத் தொன்னை ஆதாரமா என்ற தர்க்கமெல்லாம் அவருக்கு வேண்டாம். தொன்னைக்கு ஆள் ஒருத்தரா, அதுதான் கேள்வி. ஏழு மணிக்குச் சர்க்கரைப் பொங்கல் வந்தவுடன், "ஒருத்தருக்கு ஒண்ணுதான். வீட்ல பாட்டி இருக்காங்கன்னா பாட்டியைக் கூட்டிட்டு வா" என்பார். எட்டேகாலுக்குக் கூட்டம் கலைந்து அண்டாவில் கால்வாசி நிற்கும்போது சட்டம் தலைகீழாகிவிடும். "ஆளுக்கு மூணு! எடுக்காம யாரும் போகக்கூடாது!" சர்க்கரை வியாதி என்று தயங்கியவரிடம், "உங்களுக்கு வேண்டாம்னா வாட்ச்மேனுக்குக் குடுங்க. அண்டா காலியாகணும், அவ்வளவுதான்" என்று கையில் திணித்து அனுப்பினார். சீக்கிரம் வருகிறவனுக்குக் கொஞ்சம், தாமதமாக வருகிறவனுக்கு நிறைய என்று கோயிலுக்கு ஒரு புது தர்மமே உண்டாகிவிட்டது. நான் இப்போதெல்லாம் எட்டு மணிக்குத்தான் போகிறேன்.

2019 ஜனவரி 1-ஆம் தேதி அவர் வாழ்க்கையில் ஒரு பண்டிகை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்த நாள். அந்த அரசாணையின் நகலை இன்றும் பையில் வைத்திருக்கிறார், நனையாமலிருக்க லேமினேட் செய்து. இதைச் சுட்டிக்காட்டியவர் அன்று பிரசாதம் வாங்காமலே வீடு திரும்பினார்.

ஆணை கையில் இருந்தால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? ஒரு உபயதாரர் வாழை இலை மாதிரியே பச்சையில் அச்சடித்த பேப்பர் இலைகளை ஐந்நூறு கொண்டுவந்தார். "பேப்பர்தானே சார்?" மிச்சம் சார் பதில் சொல்லவில்லை. ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து உபயதாரரை வரவழைத்து, ஊறிக் கூழான காகிதத்தை விரலால் வழித்துத் தள்ளி, அடியிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு சவ்வைப் பாம்புச் சட்டை உரிப்பதுபோல முழுசாக உரித்துத் தூக்கிக் காட்டினார். துணிப்பை என்று சொல்லி வந்த தாம்பூலப் பைகளுக்கு ஊதுபத்தி. கனலை ஒற்றினால் துணி கருகும், இது சுருங்கி உருகும். உருகியது. ஓட்டை விழுந்த இடம் உபயதாரரின் இனிஷியல்.

பால் பாக்கெட்டுக்கு அந்தத் தடையில் விலக்கு இருந்தது. "கவர்மென்ட் விட்டாங்க, நான் விடலை" என்பது அவர் நிலைப்பாடு. இதில் மட்டும் நான் அவர் கட்சி. ஒரு அபிஷேகத்தின்போது கோமுகி அடைத்துக்கொண்டு, பாலும் பன்னீரும் கருவறைக்குள்ளேயே குளம் கட்டி, குருக்கள் கணுக்கால் நனைய நின்று மந்திரம் சொன்னார். குச்சியை விட்டுக் குத்தியபோது விரல்நுனி அளவில் நீல முக்கோணங்கள் கொத்தாக வந்து விழுந்தன. பாக்கெட்டின் முனையைக் கத்தரித்துப் போடுகிறோமே, அந்தத் துணுக்குகள். அன்றிலிருந்து முனையை லேசாகக் கீறலாம், துண்டாக்கக்கூடாது. காலி பாக்கெட்டுகள் அலசப்பட்டு, நந்தவனத்துக் கொடிக்கயிற்றில் கிளிப் மாட்டிக் காயும். உலர்ந்ததும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகும். வெளியூர் அம்மா ஒருத்தர் அந்தக் கயிற்றைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது எதுக்குக் கட்டுற வேண்டுதல்?" என்று கேட்டார். மறுவாரம் மஞ்சள் குங்குமம் வைத்த மூன்று பாக்கெட்டுகள் கூடுதலாகத் தொங்கின. எடைக்குப் போட மிச்சம் சாருக்கே கை வரவில்லை.

2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "நான் எப்போ விட்டேன், மீண்டும்னு சொல்றதுக்கு?" பொறாமை என்று பார்த்தால் பக்கத்துத் தெருப் பள்ளிவாசல்மேல்தான். நோன்புக் கஞ்சிக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம ஆளுங்க கையை வீசிட்டு வந்து, கவர் இல்லியான்னு கேக்கறாங்க" என்று பிள்ளையாரிடமே முறையிட்டார்.

மிச்சப்படுத்தியதையெல்லாம் எங்கேயாவது வைக்க வேண்டுமே. மடப்பள்ளிக்குப் பின்னால் ஒரு அறை. எண்ணெய் டின்கள், மாலையிலிருந்து பிரித்த நார், கொட்டாங்கச்சி, திரி கருகிய அகல், ஒருபக்கம் வெள்ளையாக இருக்கும் கல்யாணப் பத்திரிகைகள். ஓரிரு வருஷத்தில் அறை நிரம்பிவிட்டது. இப்போது தகரக் கொட்டகை போட நன்கொடை வசூல். ரசீது, சந்தேகமே வேண்டாம், பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தில்தான்.

அவரால் ஜெயிக்க முடியாத இடம் அரசமரத்தடி. மூக்கு உடைந்த கொலுபொம்மை, சாயம் போன காலண்டர் லட்சுமி, சட்டம் ஆடும் வெங்கடாசலபதி. எறிய மனசு வராது, உடைந்ததை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. ஆகவே இருட்டியதும் கொண்டுவந்து மரத்தடியில் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவோம். நானும் போன மாதம், கண்ணாடி விரிசல் விட்ட முருகர் படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒன்பதரைக்குப் போனேன். மரத்துக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்தது.

"வாங்க. இப்படிக் குடுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்குரூ டிரைவரால் பின்பலகையை நெம்பினார். கண்ணாடி ஒரு சாக்குக்கு, சட்டம் மடப்பள்ளி அடுப்புக்கு. படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தனியாக வைத்தார். கடைசியில் மேலே மாட்டியிருந்த பித்தளை வளையத்தைத் திருகி எடுத்து, காலண்டர் தாள் ஒன்றில் மடித்து என்னிடம் நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. புதுப் படத்துக்கு ஆகும்."

வாங்கிக்கொண்டு நாலு அடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"வளையம் பாக்கெட்லயே இருக்கட்டும். அந்தத் தாளைக் குடுத்துட்டுப் போங்க."