எஃப் ஒன் பெரியவர்

சித்தூரில் மிட்டூர், கட்டமஞ்சி, கிரீம்ஸ்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும், காலை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு வீட்டிலிருந்து 'பீப்' என்று சத்தம் வரும். பால்காரர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அந்த வீட்டு அம்மா மட்டும் அடுப்படியிலிருந்தே கேட்பார்: "இன்னிக்கு என்னவாம்?"

"ஒரு நீளம், ரெண்டு குட்டை."

"அப்படின்னா?"

"டிஸ்ப்ளே கார்டு. காபி அப்புறம் குடு."

நம்மவர் இவர்தான். வங்கியிலோ மின்வாரியத்திலோ எம்.ஆர்.ஓ. ஆபீசிலோ முப்பது வருஷத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. கம்ப்யூட்டரோடு இரண்டும். திட்டும்போது தமிழ், கெஞ்சும்போது தெலுங்கு. எதில் பேசினாலும் அது இங்கிலீஷில்தான் பதில் சொல்லும்.

இயந்திரம் 2008-ல் பையன் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது வாங்கியது. கோர் டூ டுயோ. அந்தக் காலத்தில் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பையன் படித்து முடித்து பெங்களூரு போய், கல்யாணம் ஆகி, கையிலேயே நாலைந்து லேப்டாப் மாறிவிட்டன. இது மட்டும் கூடத்து மூலையில், மானிட்டர் நெற்றியில் குங்குமப் பொட்டோடு, தேங்காய்ப்பூத் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சிபியுவின் பக்கவாட்டுத் தகடு எங்கே என்று கேட்கக்கூடாது. கழற்றி வருஷக்கணக்காகிறது. தினமும் திறக்கிற கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்பது அவர் கட்சி.

ஆயுதங்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் பிரஷ், பேத்தியின் பென்சில் ரப்பர். ரப்பர் ராம் தேய்க்க. ராமின் அடியில் வரிசையாக இருக்கும் தங்க முலாம் பூசிய கால்களை ரப்பரால் நாலு இழுப்பு இழுத்து, ஊதி, 'டக் டக்' என்று இரண்டு பக்கமும் கொக்கி விழும்படி அமுக்குவார். இது மூட வைத்தியமில்லை. அந்தக் கால்களில் அழுக்கும் பூஞ்சையும் படிந்தால் மதர்போர்டுக்கு ராம் இருப்பதே தெரியாது. விடாமல் கத்தும். தேய்த்தால் பாதி நாள் சரியாகிவிடும். மீதிப் பாதி நாளுக்குத்தான் மற்ற சாமான்கள்.

கத்தலில் அவருக்கு இருக்கும் புலமையைத் தனியாகச் சொல்லவேண்டும். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று போட்டிருக்குமே, அதுபோல இவரிடம் ஒரு டைரித்தாள் இருக்கிறது. ஒரு குட்டை என்றால் சுகம். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே. இடைவிடாத கத்தல் என்றால் ராம். ஃபேன் மட்டும் சுற்றி சத்தமே வராவிட்டால் தீர்க்கமாக ஒரு பெருமூச்சு. பயாஸ் தயாரித்த கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பலன்கள் மாறும் என்பதை அவர் ஏற்பதில்லை. பக்கத்து வீட்டு இயந்திரத்துக்கும் இதே தாளை வைத்துத்தான் பலன் சொல்வார்.

ஆனால் அவருடைய அன்றாட வைபவம் ராமும் இல்லை, டிஸ்ப்ளேயும் இல்லை. தேதி.

மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டுவதும், செட்டிங்கை மறக்காமல் வைத்திருப்பதும் அதன் வேலை. மூன்று வோல்ட். "சிஆர் ட்வென்டி தர்ட்டி டூ. இருபது எம்.எம். அகலம், மூணு புள்ளி ரெண்டு தடிமன். பேர்லயே அளவு இருக்கு பாத்தியா?" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார். அது செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதனால் ஒவ்வொரு காலையும் திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று ஒரு வரி வரும். எஃப் ஒன் அமுக்கினால் மேலே போகலாம், டெல் அமுக்கினால் செட்டப்புக்குப் போகலாம் என்று இன்னொரு வரி வரும். எஃப் ஒன் பட்டனில் எழுத்து அழிந்து வழவழவென்று ஆகிவிட்டது. அதை அமுக்கினால் விண்டோஸ் எழுந்துகொள்ளும். மூலையில் தேதி: 1 ஜனவரி 2008.

அந்தத் தேதியில் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி முதலமைச்சர். ஹைதராபாத் தலைநகரம். தெலங்கானா பிரியவில்லை. திருப்பதி இன்னும் சித்தூர் மாவட்டத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. தனி மாவட்டமாகப் போனது 2022 ஏப்ரல் 4-ம் தேதிதானே. நல்லவேளை, திருத்தணி 1960-லேயே அந்தப் பக்கம் போய்விட்டது. பேட்டரி எவ்வளவு செத்தாலும் அவ்வளவு தூரம் பின்னால் போய் அந்தப் பழைய வழக்கைக் கிளப்பாது.

மாநிலம் பிரியாததில் நம்மவருக்கு நஷ்டமில்லை. நஷ்டம் திருமலை டிக்கெட்டில். முந்நூறு ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட்டுகளை மூன்று மாதம் முன்னாலேயே இணையத்தில் விடுகிறார்கள். விட்ட நாளில் ஊரே திரை முன்னால் உட்கார்ந்திருக்கும். இவரும் குளித்து, நாமம் போட்டு, மவுசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தளத்தைத் திறந்தால், 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பில் வந்து நிற்கும்.

"சர்வர் டவுன். லட்சம் பேர் ஒரே நேரத்துல வந்தா என்ன ஆகும்?"

சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று இருக்கும். 2008-ல் உட்கார்ந்துகொண்டு பார்க்கிற இயந்திரத்துக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத சான்றிதழை எப்படி நம்பும்? பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண் எட்டிப்பார்த்து, "தாத்தா, தேதியை மாத்துங்க" என்பாள். மாற்றுவார். அதற்குள் அவளே போனில் அவருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டிருப்பாள்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், ஐம்பது ரூபாய்கூட ஆகாத ஒரு பேட்டரியை மாற்றினால் என்ன என்று. அந்த அம்மாவும் கேட்கிறார். அமரான் பேட்டரிக்காரர்கள் திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் 1985-லிருந்து தொழில் நடத்துகிறார்கள். யு.பி.எஸ்.சுக்கு அந்தப் பெரிய பேட்டரியை வாங்கி வைத்து, "நம்ம ஜில்லா சரக்கு" என்று பெருமைப்படுகிறவருக்கு ஒரு காசு பேட்டரியா கஷ்டம்? வாங்கியும் வைத்திருக்கிறார். உறை பிரிக்காமல் ஷோகேஸில், பேரனின் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. "மாத்தணும். ஒருநாள் நிதானமா உக்காந்து மாத்தணும்."

மாற்றமாட்டார். மாற்றினால் தேதி சரியாகிவிடும். எஃப் ஒன் தேவைப்படாது. எஃப் ஒன் இல்லாத காலை ஆறரை மணியில் ஓய்வு பெற்ற மனிதர் என்ன செய்வார்? சந்தேகமிருந்தால், விண்டோஸ் ஒழுங்காகத் திறந்த ஒரு நாளில் அவரைப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுப்பார். மறுபடி ரெஃப்ரெஷ். 'மை கம்ப்யூட்டர்' திறந்து சி டிரைவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பார். நேற்று இருந்த அதே இடம் இருக்கும். ஒரு கை ஸ்பைடர் சாலிட்டேர். பிறகு முறைப்படி ஷட் டவுன், துண்டு போர்த்தல். மொத்தம் பத்து நிமிஷம். கிளப்புவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் இயந்திரத்தில் அவருக்கு இருக்கும் வேலை இவ்வளவுதான். அதைப் புரிந்துகொண்டவர் அந்த வீட்டில் ஒரே ஒருவர். அந்த அம்மா ஷோகேஸைத் துடைக்கும்போது பேட்டரியையும் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

எப்போதாவது இயந்திரம் எதற்கும் மசியாது. கறுப்புத் திரையில் 'பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்'. முதலில் வீட்டு விசாரணை நடக்கும். "நேத்து யாரு ஷட் டவுன் பண்ணாம பிளக்கைப் பிடுங்கினது?" யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பொய்ச் சத்தியம் செய்ய ஆள் அஞ்சுகிற காணிப்பாக்கம் பிள்ளையார் பக்கத்திலேயே இருக்கிறார். "வாங்க, எல்லாரும் போய்க் கெணத்துப் பிள்ளையார் முன்னால சத்தியம் பண்ணலாம்" என்பார். அந்த அம்மா சளைக்கமாட்டார்: "போலாம். பேட்டரியை ஏன் மாத்தலைன்னு நீங்களும் பண்ணுங்க." விசாரணை அத்தோடு முடியும். பாதி நேரம் காரணம் ஒன்றுமிருக்காது. பேரன் செருகிவிட்டுப் போன பென் டிரைவிலிருந்து விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த ஏழை இயந்திரம். செட்டிங்கை மறந்ததால் எதில் முதலில் தேடுவது என்பதும் அதற்கு மறந்துவிட்டது.

அதுவுமில்லையென்றால் பயணம். உடம்புக்கு வேலூர், கம்ப்யூட்டருக்குத் திருப்பதி என்பது சித்தூர்க்காரர்களின் வழக்கம். சிபியுவை வேட்டியில் மூட்டையாகக் கட்டி, எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போவார். சுற்றிலும் மொட்டை போடப் போகிற கூட்டம். கண்டக்டர் மூட்டையைத் தொட்டுப் பார்ப்பார்.

"பெத்தாயனா, அதேமிடி?"

"கம்ப்யூட்டரு பாபு. ஆஸ்பத்ரிகி."

கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்காமல் போய்விடுவார். ஆஸ்பத்திரி என்றால் ஆர்.டி.சி.யிலும் இரக்கம் உண்டு.

சந்திரகிரி தாண்டி, திருப்பதி இறங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் மூட்டையை அவிழ்த்தால், கடைப் பையன் ஒயரைச் செருகி பட்டனைத் தட்டுவான். ஒரே ஒரு குட்டை பீப். விண்டோஸ் மங்களகரமாகத் திறக்கும்.

"பாகானே உந்தி கதா பெத்தாயனா!"

அந்த நேரத்தில் நம்மவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. இரண்டு மணி நேரக் குலுக்கலில் தளர்ந்திருந்த கேபிள் தானாகப் போய் உட்கார்ந்திருக்கும். பழைய பவர் சப்ளை வெயிலில் சூடானதும் தெம்பு வந்திருக்கும். காரணம் எதுவானாலும் அவமானம் ஒன்றுதான். அதற்கு மேல் கடைப் பையன், "கொத்ததி கொனேயண்டி சார்" என்று புதிது வாங்கச் சொல்லி யோசனையும் தருவான். பதில் சொல்லாமல் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவார். வந்தது வந்தாயிற்று என்று கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் போய், செருப்பு வைக்கும் இடத்தில் சிபியுவையும் வைத்துக்கொள்வார்களா என்று கேட்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், இடைவிடாத கத்தல்.

பெங்களூருப் பையனுக்கு இதெல்லாம் எரிச்சல். "நைனா, நான் சாஃப்ட்வேர். இது ஹார்டுவேர்" என்று ஒவ்வொரு தடவையும் கழன்றுகொள்வான். இத்தனை வருஷத்தில் அப்பா சொன்ன வைத்தியம் எதையும் அவன் காதில் வாங்கியதில்லை. அப்பாவின் பிரம்மாஸ்திரம் 'சேஃப் மோட்'. போன் தொங்கினாலும் சேஃப் மோட், டிவி நின்றாலும் சேஃப் மோட். அதற்கும் அடங்காவிட்டால் அணைத்து அணைத்துப் போடு.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை வந்தது. அன்று காலை ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட் இறங்கி, உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத் திரையோடு படுத்தன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பையன் அந்த வாரம் சித்தூர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவனாக இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவனுடைய ஆபீஸ் லேப்டாப் நீலமாகிறது. தானாக அணைகிறது, எழுகிறது, மறுபடி நீலம். மூலையில் துண்டுக்கு அடியில் 2008-ஆம் வருஷம் ஒரு கவலையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மென்பொருளை அதில் யார் போடப்போகிறார்கள்?

நம்மவர் பிஸ்கட் டப்பாவோடு வந்து நிற்கிறார்.

"சேஃப் மோடுல போடா."

"நைனா, சும்மா இருங்க. ஐ.டி. டீம் பாத்துக்கும்."

"எஃப் எட்டு அமுக்கு."

"இப்பல்லாம் எஃப் எட்டு வேலை செய்யாது நைனா."

ஐ.டி. டீமிலிருந்து அழைப்பு வருகிறது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்கிறது: சேஃப் மோடில் போங்கள், அங்கே ஒரு ஃபைலை அழிக்கவேண்டும். கிளவுடில் ஓடும் இயந்திரங்களை அணைத்து அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்குப் பதினைந்து தடவை வரை ஆனதாம்.

கூடத்தில் யாரும் பேசவில்லை. நம்மவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு அவர் படும் பாடு முதுகைப் பார்த்தாலே தெரிகிறது. அடுப்படிப் பக்கம் திரும்பி, "காபி ரெண்டு" என்று மட்டும் சொல்கிறார்.

பிட்லாக்கர் ரெகவரி கீ என்று நாற்பத்தெட்டு இலக்கம் போட வேண்டியிருக்கிறது. பையன் எழுதிக்கொள்ளத் தாள் தேடுகிறான். டைரியும் பேனாவும் ஏற்கெனவே நீட்டப்பட்டிருக்கின்றன. ஆபீசில் லெட்ஜர் ஒப்பிட்ட குரலில் ஆறு ஆறு இலக்கமாக நம்மவர் படிக்கிறார், பையன் அடிக்கிறான். ஒரு இடத்தில் மூன்றை எட்டாக அடித்ததைப் பிடித்து நிறுத்துகிறார். ஃபைல் போகிறது. லேப்டாப் ஒரு தடவை இருண்டு, எழுந்து, ஐகான்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. பையன் மூச்சை விட்டு நாற்காலியில் சாய்கிறான்.

"சாயாதே. ரைட் கிளிக் பண்ணி ரெண்டு தடவை ரெஃப்ரெஷ் குடு."

பையன் கொடுத்தான்.